நெஞ்சில் ஒரு சின்ன ஆபரேஷன்

ஊசி என்பது அவளுக்கு அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் ஒல்லியாக இருந்ததற்காக வைத்தான். வளர்ந்த பிறகு அவள் வாய்க்கு அது இன்னும் பொருத்தமாகப் போய்விட்டது. சோபா தைக்கிற பட்டறையில் ஒருத்திக்கு ஊசி என்று பெயர் இருந்தால் குழப்பம் வராதா என்றால், வரத்தான் செய்தது. "ஊசி எங்கே?" என்று அண்ணன் கத்துவான். இவள் போய் நிற்பாள். அவன் கேட்டது வளைந்த பெரிய ஊசியாக இருக்கும்.

அப்படிப்பட்ட வாய்க்காரி, டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து இவ்வளவு நேரமாகியும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் வயதான பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசைமேல் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடி முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, சொல்ல வராமல், கடைசியில் சட்டைக்குள் கையை விட்டு ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பட்டறையில் மிஞ்சிய ஃபோமை வெட்டி, ஓரத்தைக் கத்தரியால் சரித்து, மெல்லிய பருத்தித் துணி போட்டு அவளே தைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். பதினைந்து பதினாறு வயதில் முதல் முறை செய்தாள். இப்போது நாற்பத்தொன்று. ஃபோம் நைந்துபோகும்போதெல்லாம் புதிதாக ஒன்று செய்துகொள்வாள். இடது பக்கத்துக்கு மட்டும்.

டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத் தைச்சிருக்கீங்க" என்றார்.

அழக் கூடாது என்று வந்தவள் அந்த ஒரு வார்த்தைக்கு அழுதுவிட்டாள்.

பரிசோதித்துவிட்டு டாக்டர் விளக்கினார். இடது மார்பு வளர வேண்டிய வயதில் வளராமல் நின்றுவிட்டது. இது நோய் இல்லை, யாருடைய குற்றமும் இல்லை, அவள் நினைப்பதைவிடப் பல பேருக்கு இருக்கிறது. சிலிக்கோன் பை ஒன்றை உள்ளே வைத்தால் ஓரளவு சமமாகும்.

"ஓரளவுன்னா?"

"ஓரளவுதான். துணி போட்டா யாருக்கும் தெரியாது. கண்ணாடி முன்னால நின்னா உங்களுக்குத் தெரியும். வயசாக ஆக வலது பக்கம் இறங்கும், இடது பக்கம் அப்படியே நிக்கும். அப்போ மறுபடியும் என்கிட்டதான் வருவீங்க."

"வச்சது எத்தனை வருஷம் தாங்கும்?" புது மெத்தை போடுகிறவர்கள் எல்லாரும் அவளிடம் கேட்கிற கேள்வி அது.

"ஆயுசுக்கும் தாங்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சிலருக்குப் பத்து வருஷம், சிலருக்கு அதுக்கும் மேல. மாத்தறதுக்கோ எடுக்கறதுக்கோ இன்னொரு ஆபரேஷன் வரும்னு தெரிஞ்சுக்கிட்டுதான் முதல் ஆபரேஷனுக்கே வரணும்."

"பிரிச்சு மாத்திக்கலாம்ல? சோபான்னா நாங்க பின்பக்கமா பிரிச்சு, பழசை எடுத்துட்டு..."

"பிரிக்கலாம். ஆனா இது உங்க உடம்பு. ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் கொஞ்சம் தேயும். இந்தத் துணி கிழிஞ்சா வேற துணி வாங்க முடியாது."

டாக்டர் நிறுத்தவில்லை. உடம்பு தனக்குள் வந்த எதைச் சுற்றியும் தானாக ஓர் உறை போட்டுக்கொள்ளுமாம். சிலருக்கு அந்த உறை இறுகி, கல்லாகி வலிக்குமாம். தொட்டால் உணர்ச்சி குறையலாம், சிலருக்கு அது திரும்பி வருவதே இல்லை. பை உள்ளேயே கிழிந்தாலும் வெளியே தெரியாது, அதனால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மிக மிக அரிதாக ஒரு வகைப் புற்றுநோய்கூட வந்திருக்கிறது. எந்தக் காரணமும் பிடிபடாமல் அசதி, மூட்டுவலி என்று வந்து எடுத்துப் போட்டவர்களும் உண்டு. இதில் பாதியை ஊசி ஏற்கெனவே போனில் படித்திருந்தாள். மீதியைப் படிக்க ஆரம்பித்து, பக்கத்தைத் தள்ளிவிட்டிருந்தாள்.

"பயமுறுத்துறீங்களா, டாக்டர்?"

"ஆமா. பயந்து போறவங்க இப்பவே போயிடட்டும். அப்புறம் வந்து என்னைத் திட்டக் கூடாதில்ல?"

பிறகு அவள் வேலையைப் பற்றிக் கேட்டார். துணியை இழுத்து ஆணி அடிக்கிற வேலை என்றாள். டாக்டர் அவள் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று அழுத்தச் சொல்லி, மார்புத் தசையைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல பலம். தசைக்குக் கீழே வச்சா, நீங்க துணி இழுக்கிறப்பெல்லாம் அது நெளியும். தசைக்கு மேலே வச்சா நெளியாது. ஆனா உங்களுக்கு மேலே சதை கம்மி, ஓரம் கையில தட்டுப்படலாம். ரெண்டுல எது பரவாயில்லைனு நீங்கதான் சொல்லணும்."

"நெளியிறது வேண்டாம்" என்றாள் ஊசி. "வாடிக்கைக்காரங்க பயந்துடுவாங்க."

டாக்டர் சிரித்துவிட்டு, திடீரென்று முகத்தை மாற்றிக்கொண்டு, "யாருக்காகப் பண்றீங்க?" என்றார்.

"எனக்காகத்தான். வேற யாரு பாத்திருக்கா?"

அது உண்மை. அம்மா ஒருத்திதான் பார்த்திருந்தாள். "வளந்துடும், வளந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

"சரி, வீட்டுக்குப் போய் யோசிங்க. இன்னிக்கு நான் தேதி குறிக்க மாட்டேன். யோசிச்ச பிறகும் வேணும்னா வாங்க. வரும்போது, கூட இருக்கப்போறது யாருன்னு சொல்லணும். மயக்கம் தெளிஞ்சு போறப்போ கையைத் தூக்க முடியாது, தலை சீவ முடியாது. முதல் ரெண்டு மூணு நாள் உங்களைத் தனியா விட மாட்டேன். ஆள் இல்லைன்னா ஆபரேஷன் இல்லை."

கிழிவதையும் இறுகுவதையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தவளுக்கு இந்த ஒன்றுதான் தொண்டையில் நின்றது.

ஆள் என்றால் அண்ணியைத்தான் கேட்க வேண்டும். பட்டறைக்கு மேல்தளத்தில் அண்ணன், அண்ணி, இவள் என்று மூன்று பேர்தான். அண்ணி நல்லவள்தான், சமையல்கட்டில் சேர்ந்து நின்றால் நன்றாகவே பேசுவாள். ஆனாலும் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை உண்டாக்கியவன் அண்ணன். அப்பா இறந்த வருடத்தில் பட்டறை அண்ணன் தங்கை இருவர் தலையிலும் விழுந்தது. அப்போது ஊசிக்கு வந்த வரனையெல்லாம் அவள் வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? அண்ணனே ஒன்றைக் கண்டுபிடித்தான். "எனக்காக, இந்தப் பட்டறைக்காக, என் தங்கச்சி கல்யாணமே வேண்டாம்னுட்டா" என்று சோபா வாங்க வந்தவர், போனவர் எல்லாரிடமும் சொன்னான். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அண்ணிமேல் அந்தத் தியாகத்தைத் தூக்கிப் போடுவான். அதற்கு மேல் அண்ணி வாய் திறக்க வழியில்லாமல் போய்விடும்.

இரண்டாவது முறையும் டாக்டரைப் பார்த்து, எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்து, தேதியும் குறித்தாகிவிட்டது. ஊசி சமையல்கட்டுக்குப் போய் நின்றாள். மார்பு என்ற சொல் வாயில் வரவில்லை. அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

"அண்ணி, எனக்கு நெஞ்சுல ஒரு சின்ன ஆபரேஷன். ஆஸ்பத்திரியில ஒரு நாள் கூட இருக்கணும். அப்புறம் ரெண்டு மூணு நாள் வீட்டுல. வருவீங்களா?"

அண்ணியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "நெஞ்சுலயா?"

"பயப்பட ஒண்ணுமில்லை. சின்னதுதான்."

"வர்றேன். வராம?" என்றாள் அண்ணி. அவள் கண் கலங்கியிருந்ததை ஊசி பார்த்தாள், புகை என்று நினைத்துக்கொண்டாள். கேஸ் அடுப்பில் ஏது புகை என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த நிம்மதியில் இருந்தாள்.

நம் பாஷையில் இந்த நெஞ்சு என்கிற சொல் பார்க்காத வேலை இல்லை. சோறு அடைப்பதும் நெஞ்சில்தான், ஆசை கிடப்பதும் நெஞ்சில்தான், ஆள் பொட்டென்று போவதும் நெஞ்சுவலியில்தான். ஊசி வெட்கத்துக்குப் பயந்து, இருக்கிற சொல்லிலேயே பெரிய சொல்லை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மறுநாள் பட்டறைக்குள் நுழைந்ததும் அண்ணன் அவள் கையிலிருந்த ஆணித் துப்பாக்கியைப் பிடுங்கி வைத்தான். "உக்காரு" என்றான். மத்தியானச் சாப்பாட்டில் உப்பே இல்லை. மாடிப்படி ஏறினால் பின்னாலேயே யாராவது ஏறினார்கள். ஆபரேஷன் என்றதும் இவ்வளவு அக்கறையா என்று ஊசிக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

சோபாவுக்குச் சட்டம் அடிக்கிற தச்சர் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பா காலத்திலிருந்து இருக்கிறவர். குரலைத் தாழ்த்தி, "கேள்விப்பட்டேன்மா. பயப்படாதே. எனக்கே ரெண்டு வச்சிருக்காங்க" என்றார்.

ஊசி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு எத்தனை வைக்கிறாங்க?"

"ஒண்ணுதான்" என்றாள், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"ஒண்ணுதானா? அப்போ கவலையே இல்லை. எந்தப் பக்கம்?"

"இடது."

"எல்லாருக்கும் இடதுதான்மா. வச்ச மறுநாளே நான் எழுந்து நடந்துட்டேன். அடைப்பு எடுத்துட்டா ரத்தம் ஜம்முனு ஓடும்."

அடைப்பு என்ற சொல்லில்தான் ஊசிக்கு எல்லாம் விளங்கியது. அவர் சொன்னது இதயக் குழாயில் வைக்கிற ஸ்டென்ட். தலையில் கையை வைத்துக்கொண்டாள். தச்சர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் மோசமில்லை என்று பட்டது. இதய நோயாளியை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. ஆபரேஷன் முடியும்வரை இப்படியே ஓட்டிவிட்டால் போதும், அண்ணி கூட வருவாள், டாக்டரும் ஒப்புக்கொள்வார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அண்ணன் யாரிடமோ போனில், "எனக்காகவே வாழ்ந்தவ, அவளுக்குப் போய் இந்த நெஞ்சு நோவு" என்று சொல்லி விசும்பியது காதில் விழுந்தபோது மட்டும் சங்கடமாக இருந்தது.

சங்கடத்தோடு போயிருந்தால் சமாளித்திருப்பாள். மாத்திரையில் வந்து மாட்டிக்கொண்டாள். ஒரு நாள் காலையில் அண்ணன் ஒரு கையில் தண்ணீரும் இன்னொரு கையில் மாத்திரையுமாக வந்து நின்றான். அண்ணி அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"போட்டுக்கோ. தச்சர் தினமும் போடுறது. ரத்தத்தை இளக்கி விடுமாம். உன் டாக்டர் எழுதித் தர மறந்திருப்பாங்க."

ஆபரேஷனுக்கு முன்னால் தொடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்ன மாத்திரை அதுதான். போட்டால் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது, உள்ளே கட்டிக்கொள்ளும்.

"வேண்டாம்ணா."

"நான் பாக்க முழுங்கு."

"இதைப் போட்டா ஆபரேஷன் பண்ண முடியாதுண்ணா."

"நெஞ்சடைப்புக்கு இதுதான் மாத்திரை. ஊருக்கே தெரியும்."

"எனக்கு நெஞ்சடைப்பு இல்லை!" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகு பின்வாங்க இடம் இல்லை. "மார்பு, அண்ணா. மார்புல ஆபரேஷன். இதயத்துல ஒண்ணுமில்லை. இடது பக்கம் எனக்கு வளரவே இல்லை. இத்தனை வருஷமா ஃபோம் வெட்டி வச்சுக்கிட்டுத் திரியறேன். போதும்னு ஆயிடுச்சு. உள்ளேயே ஒண்ணு வச்சுக்கப்போறேன்."

அண்ணன் முதலில், "அடைப்பு இல்லையா?" என்றான். அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்து அவள் சொன்ன மீதி உள்ளே போய்ச் சேர்ந்தது. தண்ணீர் டம்ளரையே பார்த்தபடி, "நோவு ஒண்ணும் இல்லாத உடம்புல கத்தி வைக்கப் போறியா? இந்த வயசுல? அழகுக்கா?" என்றான்.

"அழகுக்குன்னே வச்சுக்கோயேன்."

அண்ணிதான் மெதுவாகக் கேட்டாள். "அப்போ, வந்த வரனையெல்லாம் வேண்டாம்னது?"

"இதனாலதான் அண்ணி. யார்கிட்டயும் இதைச் சொல்லி நிக்க எனக்குத் தைரியம் இல்லை. வேற ஒண்ணும் இல்லை."

அண்ணன் மாத்திரையைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான். "இந்தக் கூத்துக்கு என் வீட்டுல இருந்து ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

ஊசி கட்டிலில் உட்கார்ந்தாள். போச்சு என்று நினைத்தாள். ஆள் இல்லை என்றால் ஆபரேஷன் இல்லை. திரும்பவும் கத்தரியை எடுத்துக்கொண்டு ஃபோம் வெட்ட வேண்டியதுதான்.

அப்போது அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஊசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன்னைப் பாத்துச் சிரிக்கலடி" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்தபடி. "இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து, அந்தத் தியாகத்துக்கு முன்னால நான் கைகட்டி நின்னிருக்கேன். ஒரு புதுத் துணி எடுக்கணும்னா, 'என் தங்கச்சி எனக்காக வாழ்க்கையையே விட்டவ, உனக்குத் துணியா கேக்குது'ன்னு சொல்லுவாரு உங்க அண்ணன். நான் உன்னைப் பாத்துக் கும்பிடவும் முடியாம, திட்டவும் முடியாம... அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையா?"

"நடக்கவே இல்லை அண்ணி."

அண்ணி மறுபடி சிரித்தாள், அது பாதியில் அழுகையாக மாறியது. "அதுக்காக, இத்தனை வருஷம் ஒருத்திகிட்டகூடச் சொல்லாமயா இருந்தே? பக்கத்து ரூம்லதானே நான் இருந்தேன்?" என்றாள். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் வர்றேன். உங்க அண்ணன் என்ன பண்ணிடுவாரு, பாக்கலாம். அந்த டாக்டரம்மா வேற என்னென்ன சொன்னாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

ஊசி சொன்னாள். கிழிவது, இறுகுவது, மரத்துப்போவது, திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுப்பது, என்றைக்காவது ஒரு நாள் மறுபடி படுக்க வேண்டியிருப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி நடுவில் பல முறை "ஐயோ" என்றாள். முடிவில், "இவ்வளவும் தெரிஞ்சும் வேணுமா?" என்றாள்.

"வேணும் அண்ணி." வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எவ்வளவு வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது.

அண்ணன் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. ஆணித் துப்பாக்கியை மட்டும் பழையபடி அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தான். சாப்பாட்டில் உப்பு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் ஊசியும் அண்ணியும் இறங்கி வந்தபோது, சோபா ஏற்றும் வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கில் கை வைத்து நேராகப் பார்த்தபடி, "வண்டி ஓட்டத்தான் வந்தேன்" என்றான்.

டாக்டர் அவளை நிமிர்ந்து உட்கார வைத்து, மார்பில் பேனாவால் கோடு போட்டார். "இப்பகூட எழுந்து போகலாம். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்" என்றார். ஊசி போகவில்லை.

கண் விழித்தபோது நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கட்டு இறுக்கமாகப் போட்டிருந்தார்கள். ஜன்னலில் மத்தியான வெயில். கட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணி இருப்பாள் என்று திரும்பினாள். அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"அவ மருந்து வாங்கப் போயிருக்கா" என்றான். டம்ளரில் உறிஞ்சுகுழலை வைத்து அவள் வாயருகே நீட்டினான். அவள் இரண்டு வாய் குடித்தாள். அவன் டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"ம்."

"நீ கல்யாணம் வேண்டாம்னது... கொஞ்சம்கூட எனக்காக இல்லையா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு பொய், அதுவும் சின்னதுதான். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், அவனுக்கென்று அதில் ஒரு துண்டாவது விட்டுவைக்கலாம் என்று மயக்கம் கலந்த மனசு சொன்னது. ஆனால் பொய் சொன்னதெல்லாம் போதும் என்று இருந்தது.

"இல்லண்ணா. துளிகூட இல்லை. அப்பா இருந்திருந்தாலும், பட்டறையே இல்லாம இருந்திருந்தாலும், நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவன் தலை குனிந்தது. அவன் உடைந்துபோய்விட்டான் என்று ஊசி பயந்தாள்.

"அப்பாடா" என்றான் அண்ணன்.

அவள் சரியாகக் கேட்டோமா என்று பார்த்தாள். அவன் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. "உன் வாழ்க்கையை நான்தான் தின்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் ஊசி. வெளியில பெருமையா சொல்லிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தா உன் முகத்தைப் பாக்க முடியாது. எதுக்கு அதைச் சொல்லிக்கிட்டே இருந்தேன்னு எனக்கே தெரியலை. நீ ஒரு தடவையாவது இல்லைன்னு சொல்ல மாட்டியான்னுதான் இருக்கும்."

இத்தனை வருடமும் அவள் ஒருத்திதான் ஒன்றை மறைத்துச் சுமந்ததாக நினைத்திருந்தாள். அவனை நினைத்து நெஞ்சு கனத்தது. கையை நீட்டி அவன் தலையைத் தொட நினைத்தாள், தோள் அசைய மறுத்தது.

"கிட்ட வாண்ணா" என்றாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கை கிடந்த இடத்தில் தலையைக் கொண்டுபோய் வைத்தான்.